லெ மான்ஸ் முடிந்த ஆறாம் நாள்

எடின்பரோ நகரத்தில் மெர்ச்சிஸ்டன் மியூஸ் என்று ஒரு சந்து. ஒரு காலத்தில் வசதியான வீட்டுக்காரர்களின் குதிரைகளும் கோச்சு வண்டிகளும் நின்ற கொட்டகைகள் இருந்த மாதிரியான இடம். குதிரைகள் போன பிறகு அங்கே கார் பட்டறை வந்தது. 1950களில் அந்தப் பட்டறையில் ஒரு சில மெக்கானிக்குகள் கை கறுக்க வேலை பார்த்துத் தயார்செய்து அனுப்பிய நீல நிற ஜாகுவார் கார்கள், 1956இலும் 1957இலும் அடுத்தடுத்து லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் முதலிடம் பிடித்தன. ஃபெராரியும் ஆஸ்டன் மார்ட்டினும் போர்ஷேயும் கம்பெனிப் பணத்தோடும் கம்பெனி இன்ஜினியர்களோடும் வந்து நின்ற பந்தயம் அது.

அணியின் பெயர் எக்யூரி எக்கோஸ். ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் அணிக்கு பிரெஞ்சில் வைத்துக்கொண்ட பெயர். காரின் நிறம், ஸ்காட்லாந்துக் கொடியை நினைவூட்டும் மினுமினுப்பான நீலம்.

இந்த அணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் லெ மான்ஸ் கோப்பையோடு கதையை முடித்துவிடுவார்கள். என் கணக்கு வேறு. 1957ஆம் ஆண்டில் அவர்கள் செய்த பெரிய காரியம் லெ மான்ஸில் நடக்கவில்லை. அது முடிந்த ஆறாம் நாள், இத்தாலியில், முதல் மூன்று இடங்களுக்குள்கூட வராமல் அவர்கள் செய்த காரியம் அது. அங்கே போவதற்கு முன் இந்த அணி எப்படிப் பிழைத்தது என்று பார்த்துவிட வேண்டும்.

கணக்கரும் மெக்கானிக்கும்

டேவிட் மர்ரே எடின்பரோவின் கணக்கர். மது வியாபாரமும் இருந்தது. கார் பந்தயப் பித்து அதற்கெல்லாம் முன்பிருந்தே இருந்தது. 1950களின் தொடக்கத்தில் உலக சாம்பியன்ஷிப் பந்தயங்களிலேயே ஓட்டியிருக்கிறார். 1951இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் பயிற்சியின்போது ஒரு விபத்து. அதற்குப் பிறகு ஓட்டுவது குறைந்து, ஓட்டவைப்பது அதிகமாயிற்று.

அவருடைய கூட்டாளி வில்கி வில்கின்சன். இங்கிலாந்துக்காரர், போருக்கு முன்பிருந்தே பந்தய இன்ஜின்களை டியூன் செய்வதில் பேர் வாங்கியவர். ஒருவர் கணக்குப் புத்தகத்தையும் ஒப்பந்தங்களையும் பார்த்தார், மற்றவர் பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்தார். ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைக்கவில்லை. ஒரு சின்ன அணி நிலைக்க இதைவிடப் பெரிய ரகசியம் ஏதாவது இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தொடக்க ஏற்பாடு வெகு எளிமையானது. பில் டாப்சன், இயன் ஸ்டூவர்ட், சர் ஜேம்ஸ் ஸ்காட் டக்ளஸ் என்ற மூன்று இளைஞர்களிடம் ஆளுக்கொரு ஜாகுவார் எக்ஸ்.கே. 120 கார் இருந்தது. மூன்றுக்கும் நீல வண்ணம் அடித்து, மூன்றையும் ஒரே பட்டறையில் பராமரித்து, ஒரே அணியாகப் பந்தயத்துக்கு அனுப்புவது. 1952இல் முதல் சீசன். ஓட்டியவை பெரும்பாலும் பிரிட்டனுக்குள். போர் முடிந்து சும்மா கிடந்த விமானத் தளங்கள்தாம் அன்றைய பந்தயத் தடங்கள். ஸ்காட்லாந்தின் சார்ட்டர்ஹால் அப்படிப்பட்டது. நம் சோழவரத்திலும் அதே கதைதானே: போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் மெட்ராஸ்காரர்கள் கார் பந்தயம் பழகினார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்தில் காரின் உடம்பு முழுக்க விளம்பரம் ஒட்டும் பழக்கம் வரவில்லை. பந்தயத்துக்கு வந்து நின்றாலே அமைப்பாளர்கள் ஒரு தொகை தருவார்கள். பெயர்பெற்ற அணிக்கு அது கூடும். ஜெயித்தால் பரிசுத்தொகை. எரிபொருள், டயர், ஸ்பார்க் பிளக் கம்பெனிகள் தங்கள் பொருளைப் போட்டு ஜெயித்த அணிக்குத் தனியாகப் பணம் தரும். இதற்கு மேல் மர்ரேவுக்கு எட்வர்ட் தாம்சன் என்ற கப்பல் கம்பெனி முதலாளியின் ஆதரவு இருந்தது. ரசிகர்கள் சேர்ந்து நடத்திய சங்கமும் கை கொடுத்தது. இப்படி நாலு பக்கத்திலிருந்து வந்த பணத்தை ஒன்றுசேர்த்து ஓட்டவேண்டிய அணியில், நொறுங்கிய கார் என்பது தோல்வி மட்டும் அல்ல, அடுத்த மாதச் செலவுக்கும் அடி. "உடைக்காமல் கொண்டுவந்து சேர்" என்பது அங்கே அறிவுரை அல்ல, பொருளாதாரம்.

கார்கள் பெரும்பாலும் ஜாகுவார் கம்பெனி ஓட்டிக் கழித்தவை. 1953இல் லெ மான்ஸை வென்ற கம்பெனி அணியின் லேசான சி-டைப் கார்கள் மறுவருஷம் எடின்பரோவுக்கு வந்து நீலமாயின. அதன்பின் டி-டைப் வந்தது. இந்த ஏற்பாடு பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் மாறவில்லை. 2009இல் ஜெர்மனியின் கோலஸ் அணி, ஆவ்டி கம்பெனி ஓட்டி முடித்த ஆர்10 டீசல் கார்களை வாங்கிக்கொண்டு லெ மான்ஸுக்குப் போனது. அதில் ஒரு காரில் பெயர் கொடுத்திருந்தவர் நம் கோவை நரேன் கார்த்திகேயன். பந்தயம் தொடங்குமுன் பிட் சுவரிலிருந்து விழுந்து தோள்பட்டை நழுவி, அவர் ஓட்ட முடியாமலே போனது. மீதியிருந்த இருவர் 24 மணி நேரத்தையும் பங்குபோட்டு ஓட்டி ஏழாவதாக முடித்தார்கள். சின்ன அணி என்றால் இப்படித்தான்: பழைய கார், குறைந்த ஆள், ஆள் குறைந்தாலும் ஓட்டம் நிற்காது.

முதல் வெற்றி, பிறகு தீ

1956 லெ மான்ஸுக்கு மர்ரே கொண்டுபோனது ஒரே ஒரு டி-டைப். ஓட்டியவர்கள் எடின்பரோவின் ரான் ஃபிளாக்ஹார்ட்டும், கிளாஸ்கோவில் கார் விற்றுக்கொண்டிருந்த நினியன் சான்டர்சனும். ஜாகுவார் கம்பெனியே மூன்று கார்களோடு வந்திருந்ததால் நீலக் காரை யாரும் பெரிதாக எண்ணவில்லை. இரண்டாவது சுற்றிலேயே ஈரத் தடத்தில் கம்பெனியின் இரண்டு கார்கள் விபத்தில் சிக்கி வெளியேறின; மூன்றாவது எரிபொருள் குழாய்க் கோளாறில் நேரத்தை இழந்து ஆறாவதாக வந்தது. நீலக் கார் 300 சுற்றுகளை முடித்து, ஸ்டெர்லிங் மாஸும் பீட்டர் காலின்ஸும் ஓட்டிய ஆஸ்டன் மார்ட்டினை ஒரு சுற்று வித்தியாசத்தில் வென்றது. பெரியவர்கள் தடுமாறியதால் கிடைத்த வெற்றி என்று சொன்னவர்கள் உண்டு. அந்தப் பேச்சில் பாதி நியாயமும் உண்டு.

அதே ஆண்டு அக்டோபரில் ஜாகுவார் பந்தயத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. இனி கம்பெனி அணி இல்லை. இருந்த கார்களும் உதிரிப் பாகங்களும் அனுபவமும் யாரிடமாவது போய்ச் சேரவேண்டும். முன்னால் நீண்ட மூக்கோடு ஓடிய கம்பெனிக் கார்கள் மெர்ச்சிஸ்டன் சந்துக்கு வந்து சேர்ந்தன.

1957 பிப்ரவரி 12ஆம் தேதி இரவு, கோவென்ட்ரியில் ஜாகுவாரின் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. விற்காமல் நின்ற டி-டைப்களைச் சாலையில் ஓட்டக்கூடிய எக்ஸ்.கே.எஸ்.எஸ். கார்களாக மாற்றிக்கொண்டிருந்த நேரம். 25 கார்கள் திட்டம், ஒன்பது எரிந்தன, முடித்தது 16. இனி புதிய டி-டைப் கிடைக்கும் என்ற நினைப்பையே பந்தயக்காரர்கள் விட்டுவிட வேண்டியதாயிற்று. இருப்பதை வைத்துக்கொண்டு ஓட வேண்டும்.

வெயில் காலத்துக்கு முன்

1957 சீசன் ஜனவரியில் அர்ஜென்டினாவில் தொடங்கியது. புவனோஸ் ஐரிஸ் ஆயிரம் கிலோமீட்டர் பந்தயத்தில் சான்டர்சன், உள்ளூர்க்காரர் ராபர்ட்டோ மியெரஸோடு சேர்ந்து நான்காவதாக வந்தார். இத்தாலியக் கம்பெனி அணிகள் நிறைந்திருந்த களத்தில் அது மோசமில்லை.

மே மாதம் இத்தாலியின் மில்லே மிலியா. பிரெஷாவிலிருந்து ரோம் வரை போய்த் திரும்பும் ஆயிரம் மைல், பொதுச் சாலையில். ஃபிளாக்ஹார்ட் டி-டைப்பில் புறப்பட்டார்; பாதியில் நின்றது. பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில், குவிதிட்ஸோலோ கிராமத்துக்கு அருகே, போர்த்தாகோ என்ற டிரைவர் ஓட்டிய ஃபெராரி டயர் வெடித்துக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. அவரும் கூட இருந்த எட்மண்ட் நெல்சனும் ஒன்பது பார்வையாளர்களும் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. பொதுச்சாலை வேகப் பந்தயமாக மில்லே மிலியா அத்தோடு முடிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் லெ மான்ஸில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். அந்தக் காலப் பந்தயத்தை ஏக்கத்தோடு நினைவுகூரும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணிக்கைதான் முதலில் கண்ணில் படுகிறது.

மே இறுதியில் நூர்பர்க்ரிங். மலையும் வளைவுமான அந்தத் தடம் டி-டைப்புக்குப் பிடிக்காத தடம். நேர்ச்சாலையில் பறப்பதற்காகச் செய்த கார் அது. கரடுமுரடான வளைவுகளில் அதன் பின்பக்கம் முரண்டு பிடிக்கும். ஆஸ்டன் மார்ட்டின் வென்றது. நீலக் கார்கள் முன்வரிசைக்கு வரவே இல்லை. ஆக, ஜூன் மாதம் பிறந்தபோது எக்யூரி எக்கோஸிடம் அந்த ஆண்டு காட்டிக்கொள்ள ஒரு நான்காம் இடம் மட்டுமே இருந்தது.

சனி மாலை நான்கு மணி

24 மணி நேரப் பந்தயம் என்றால் என்ன என்று இப்போது தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் அஜித்குமாரின் அணி துபாயில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது நாடே பார்த்தது. 1957இல் விதிகள் இன்னும் கரடாக இருந்தன. ஒரு காருக்கு இருவர் மட்டும். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு டிரைவர்கள் சாலையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடி, காரில் தாவி ஏறி, ஸ்டார்ட் செய்து கிளம்ப வேண்டும். பெல்ட் கிடையாது. ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கொடி விழும்வரை 13 கிலோமீட்டர் நீளச் சுற்று, ஊர்களை இணைக்கும் சாதாரணச் சாலைகளில். அதில் கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர் முல்சான் நேர்ச்சாலை. பிட்டுக்கு முன்னால் கார்கள் அம்பாய்ப் பாய்வதால் அங்கே அறிவிப்புப் பலகை காட்டி டிரைவருக்கு எதுவும் புரியவைக்க முடியாது. மறுகோடியில், கார் மெதுவாகும் முல்சான் திருப்பத்தில் ஆட்களை நிறுத்தி, பிட்டிலிருந்து போனில் சொல்வதைப் பலகையில் எழுதிக் காட்டுவார்கள்.

நீல அணி இரண்டு கார்களோடு வந்தது. ஒன்றில் 3.8 லிட்டர் இன்ஜின், பெட்ரோலைத் தெளித்து அனுப்பும் இன்ஜெக்ஷன் முறை, எண் 3. ஓட்டுபவர்கள் ஃபிளாக்ஹார்ட்டும், 1955இல் மைக் ஹாத்தார்னோடு சேர்ந்து இதே லெ மான்ஸை வென்ற ஐவர் பியூபும். மற்றதில் பழகிய 3.4 லிட்டர் இன்ஜின், எண் 15. அதற்கு சான்டர்சனும் ஜாக் லாரன்ஸும். இருவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள்.

எதிரே நின்றவை? மசெராட்டியின் 4.5 லிட்டர் வி8, நானூறு குதிரைத்திறன் என்று பேச்சு. ஃபெராரியின் நான்கு லிட்டர் வி12. காகிதத்தில் பார்த்தால் ஜாகுவாருக்குச் சுமார் நூறு குதிரைகள் குறைவு. ஆனால் டி-டைப்பின் உருவத்தை வரைந்த மால்கம் சேயர் விமானத் தொழிலிலிருந்து வந்தவர். காற்றைக் கிழிக்காமல் நழுவிப் போகும் வடிவம், டிரைவரின் தலைக்குப் பின்னால் நிமிர்ந்த துடுப்பு, நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். இன்ஜினோ வங்கி மேலாளர்கள் ஆபீசுக்கு ஓட்டிப்போன ஜாகுவார் கார்களில் இருந்த அதே ஆறு சிலிண்டர் குடும்பம். அடித்தாலும் உடையாத சாது இன்ஜின்.

பந்தயம் தொடங்கியதும் ஃபெராரிகள் சீறின. காலின்ஸின் காரில் முதல் சில சுற்றுகளுக்குள்ளேயே பிஸ்டன் போயிற்று. இன்னொரு ஃபெராரியில் ஹாத்தார்ன் 3 நிமிடம் 58.7 நொடியில் ஒரு சுற்று போட்டார். மணிக்கு 200 கிலோமீட்டர் சராசரியைத் தாண்டிய முதல் லெ மான்ஸ் சுற்று அது. அந்தச் சாதனை புத்தகத்தில் நிற்கிறது, அவருடைய கார் இரவைப் பார்க்கவில்லை. மாஸுக்காக மசெராட்டி அவசரமாகக் கட்டிய மூடிய காரும் சீக்கிரமே ஓய்ந்தது. இருட்டுவதற்கு முன்பே எண் 3 முன்னணிக்கு வந்துவிட்டது. பிறகு அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவே இல்லை.

இரவில் இரண்டாம் இடத்தில் ஓடிய டோனி புரூக்ஸின் ஆஸ்டன் மார்ட்டின் கியர் சிக்கிய நிலையில் விபத்துக்குள்ளானது. அதன்பின் துரத்த ஆளில்லை. இந்தக் கட்டத்தில்தான் பல அணிகள் கெட்டுப்போகும். முன்னால் யாருமில்லை, பின்னாலும் யாருமில்லை, இரவு மூன்று மணி, டிரைவருக்கு வேகம் ஏறத் தோன்றும், மெக்கானிக்குக் கண் சொருகும். பிட்டுக்கு வரும் ஒவ்வொரு முறையும் பெட்ரோல், எண்ணெய், டயர், பிரேக் கட்டை, கண்ணாடியில் ஒட்டிய பூச்சி என்று பார்த்துப் பார்த்து அனுப்ப வேண்டும். அந்த மெக்கானிக்குகளில் ஒருவர் ரான் காடியன், ஆஸ்திரேலியர். 1955இல் ஜாகுவார் கம்பெனி அணியிலும், அடுத்த இரண்டு ஆண்டுகள் எடின்பரோ அணியிலும் இருந்து, தொடர்ந்து மூன்று லெ மான்ஸ் வெற்றிகளில் ஸ்பானர் பிடித்தவர்.

ஞாயிறு மாலை எண் 3 முடித்தது 327 சுற்றுகள், 4,397 கிலோமீட்டர், மணிக்கு 183 கிலோமீட்டர் சராசரி. அதுவரை யாரும் அவ்வளவு தூரம் ஓடியதில்லை. அந்தத் தூரத்தை முறியடிக்க 1961 வரை ஆயிற்று. இரண்டாவதாக வந்ததும் நீலக் கார்தான், எட்டுச் சுற்று பின்னால். மூன்றாவது ஒரு பிரெஞ்சுத் தனியார் அணியின் டி-டைப், நான்காவது பெல்ஜிய அணியுடையது, ஐந்தாவதாக ஒரு ஃபெராரி, ஆறாவது டங்கன் ஹாமில்டனின் டி-டைப். ஜாகுவார் கம்பெனி பந்தயத்தை விட்டு விலகிய ஆண்டில்தான் முதல் ஆறில் ஐந்து ஜாகுவார்கள். ஐந்தும் மற்றவர்கள் பராமரித்தவை. போன வருஷம் அதிர்ஷ்டம் என்றவர்கள் இந்த முறை வாய் திறக்க வழியில்லை.

வழக்கமான கதையில் இங்கே ஷாம்பெயின் பீய்ச்சி, திரை விழுந்திருக்கும்.

மோன்சா

மிலானுக்கு அருகே மோன்சாவில் 1955இல் கட்டிய அதிவேக ஓவல் தடம் ஒன்று இருந்தது. நாலேகால் கிலோமீட்டர். இரண்டு முனைகளிலும் சுவர்போல் எழும்பும் கான்கிரீட் சாய்வு. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் டிரைவர்களைக் கடல் தாண்டி வரவழைத்து, ஐரோப்பியர்களோடு அந்த ஓவலில் மோதவிடுவது என்று இத்தாலியர்கள் திட்டமிட்டார்கள். பெயர், இரு உலகங்களின் பந்தயம். மொத்தம் 500 மைல், 63 சுற்றுகள் கொண்ட மூன்று ஓட்டங்களாக. தேதி, ஜூன் 29.

ஐரோப்பிய டிரைவர்களின் சங்கம் வர மறுத்தது. அந்தச் சாய்வில் அந்த வேகத்தில் டயர் தாங்காது என்றார்கள். பயம் நியாயமானதுதான், கான்கிரீட் ஏற்கெனவே மேடுபள்ளமாக இருந்தது. ஃபெராரி, மசெராட்டி டிரைவர்கள் ஒதுங்கிக்கொள்ள, இரு உலகங்களில் ஒன்று ஆளில்லாமல் நின்றது.

வருகிறோம் என்று சொன்ன ஒரே ஐரோப்பிய அணி எக்யூரி எக்கோஸ். வீரமா, வருகைத் தொகையா? இரண்டும் என்றுதான் ஊகிக்கிறேன். கணக்கர் மர்ரே சும்மா ஆல்ப்ஸ் மலையைத் தாண்டியிருக்க மாட்டார்.

ஞாயிறு மாலை பிரான்ஸில் கொடி விழுந்தது. அடுத்த சனிக்கிழமை இத்தாலியில் பந்தயம். எடின்பரோவுக்குத் திரும்ப நேரமில்லை. லெ மான்ஸிலிருந்து நேரே, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, மலை தாண்டி மோன்சாவுக்கு. அங்கே ஓடியவை மூன்று டி-டைப்கள். டிரைவர்கள் சான்டர்சன், லாரன்ஸ், இங்கிலாந்தின் ஜாக் ஃபேர்மேன். ஃபேர்மேன் பெரிய வேகக்காரர் அல்ல. இன்ஜினியரிங் தொழில் தெரிந்தவர், காரை அடித்து நொறுக்காமல் கொண்டுவந்து சேர்ப்பதில் பேர் வாங்கியவர்.

எதிரே நின்ற அமெரிக்கக் கார்கள் வேறு ஜாதி. ஒற்றை இருக்கை, 4.2 லிட்டர் ஆஃபன்ஹவுசர் இன்ஜின், மெத்தனால் எரிபொருள், இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருப்பதற்கென்று ஒருபுறம் கனம் ஏற்றிய சட்டகம். கியர் இரண்டே இரண்டு. டோனி பெட்டன்ஹாசன் தகுதிச் சுற்றில் சராசரி மணிக்கு 280 கிலோமீட்டரைத் தாண்டினார். நம் டி-டைப்போ ஹெட்லைட், கதவு, இரண்டாவது ஆளுக்கான இடம் எல்லாம் விதிப்படி சுமந்த சாலை வகைக் கார். ஓட்டப்பந்தயத்தில் மூட்டையோடு நிற்பவன் மாதிரி.

முதல் ஓட்டத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. கொடி அசைந்ததும் இரண்டே கியர் வைத்த அமெரிக்கக் கார்கள் வேகம் பிடிக்கத் திணற, நான்கு கியர் வைத்த ஃபேர்மேன் பின்னாலிருந்து நடுவில் புகுந்து முதல் சுற்றில் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டார். அமெரிக்கர்கள் மூச்சுப் பிடித்ததும் அந்தப் பெருமை கரைந்தது. ஆனாலும் முன்னால் போனது போனதுதான்.

அதன்பின் மூன்று நீலக் கார்களும் தங்கள் வேகத்தில் ஓடின. டன்லப் டயரைச் சூடேற விடாமல், இன்ஜினை எல்லைக்குத் தள்ளாமல், சாய்வின் மேல்விளிம்புக்கு ஏறி வீரம் காட்டாமல். மேலே அமெரிக்கர்கள் கடந்து போனார்கள், திரும்பவும் கடந்து போனார்கள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே வரத் தொடங்கினார்கள். இண்டியானாபொலிஸின் சமதளத்துக்குச் செய்த சட்டகங்கள் மோன்சாவின் கான்கிரீட் மேடுகளில் விரிசல் விட்டன. டேங்க் பெயர்ந்தது, பற்றவைத்த இடங்கள் பிரிந்தன. ஓட்டங்களுக்கு இடையே அமெரிக்க மெக்கானிக்குகள் வெல்டிங் தீப்பொறிக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். லெ மான்ஸின் ஊர்ச் சாலைகளில் பகலும் இரவும் ஓடவென்று செய்த கார் அந்தக் குலுக்கலைத் தாங்கிக்கொண்டது.

முதல் இரண்டு ஓட்டங்களையும் ஜிம்மி பிரையன் வென்றார். மூன்றாவதை டிராய் ரட்மன். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பிரையன், ரட்மன், ஜானி பார்சன்ஸ். அவர்களுக்கு அடுத்து நான்காவது ஃபேர்மேன், ஐந்தாவது லாரன்ஸ், ஆறாவது சான்டர்சன். கொண்டுபோன மூன்றும் முடித்தன. அமெரிக்காவிலிருந்து வந்த கார்களில் பாதிக்கு மேல் முடிக்கவில்லை.

லெ மான்ஸில் அந்த அணியை வெல்ல வேண்டியவர்கள் தாங்களே உடைந்துபோனார்கள் என்று வாதிடலாம். மோன்சாவில் அந்த வாதத்துக்கு இடமில்லை. வேகத்தில் போட்டியே இல்லை என்று தெரிந்தே போனார்கள். பழக்கமில்லாத தடம், பொருந்தாத கார், தூங்காத ஆட்கள், நடுவில் ஆறு நாள். அதில் மூன்றுக்கு மூன்று. வில்கின்சனின் பட்டறை எப்படிப்பட்ட பட்டறை என்று கேட்டால் நான் காட்டுவது இந்த நான்கு, ஐந்து, ஆறைத்தான்.

அடுத்த சீசன்

1958இல் ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன்ஷிப்புக்கு மூன்று லிட்டர் உச்சவரம்பு வந்தது. ஆண்டுக்கணக்கில் சலித்துத் தேறிய பெரிய இன்ஜின் ஒரே கையெழுத்தில் செல்லாக் காசானது. ஜாகுவார் இன்ஜினை மூன்று லிட்டருக்குச் சுருக்கினார்கள். நடப்பு சாம்பியனாக லெ மான்ஸுக்கு வந்த இரண்டு டி-டைப்களும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் பிஸ்டன் போய் நின்றன. 24 மணி நேரம் உடையாமல் ஓடியதையே அடையாளமாக வைத்திருந்த அணிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அதன்பின் லிஸ்டர், டொஜெய்ரோ, கூப்பர் என்று சட்டகங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அங்கங்கே வெற்றிகள் இருந்தன. லெ மான்ஸில் இல்லை. அணி தவறு செய்தது என்று சொல்ல மாட்டேன். கைமாறி வரும் நல்ல கார்களை உடையாத கார்களாக்குவதுதான் அவர்கள் கற்ற வித்தை. கைமாற்றித் தர ஜாகுவார் இல்லாதபோது வித்தையை எங்கே காட்டுவது? பியூப் 1959இல் பிரான்ஸில் ஒரு பந்தய விபத்தில் இறந்தார். விமானம் ஓட்டுவதிலும் ஆசை கொண்டிருந்த ஃபிளாக்ஹார்ட் 1962இல் ஆஸ்திரேலியாவில் விமானம் விழுந்து இறந்தார். மர்ரே பின்னாளில் கனேரித் தீவுகளில் வாழ்ந்து, 1973இல் காலமானார்.

ஜெயித்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த அணி கார்களை ஏற்றிப் போனது பழைய பஸ்களை வெட்டி மாற்றிய வண்டிகளில். மூன்று கார்களை ஏற்றக்கூடிய, கண்ணாடி ஜன்னலும் சரிவான முகமுமாக அழகான நீல டிரான்ஸ்போர்ட்டர் ஒன்றை ஃபால்கர்க் ஊரின் அலெக்சாண்டர் பஸ் கட்டும் கம்பெனி செய்து கொடுத்தபோது லெ மான்ஸ் வெற்றிகள் முடிந்துபோயிருந்தன. அந்த வண்டி 2013இல் லண்டன் ஏலத்தில் 18 லட்சம் பவுண்டுக்குப் போனது. 1956இல் வென்ற டி-டைப் 2016இல் கலிஃபோர்னியாவில் 2 கோடியே 17 லட்சம் டாலருக்கு மேல்.

1963இல் கிளாஸ்கோ பக்கத்து டம்பார்ட்டனிலிருந்து கார் கராஜ் வைத்திருந்த குடும்பத்துப் பையன் ஒருவன் இந்த அணிக்காக ஓட்ட வந்தான். அவனுடைய அண்ணன் ஜிம்மி பத்தாண்டுகளுக்கு முன் இதே நீலக் கார்களை ஓட்டி, விபத்துகளுக்குப் பிறகு நிறுத்திக்கொண்டவர். தம்பியின் பெயர் ஜாக்கி ஸ்டூவர்ட். ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்தை அவர் பின்னர் மூன்று முறை வென்றார். பந்தயத் தடங்களில் பாதுகாப்புத் தடுப்பும் டாக்டரும் வேண்டும் என்று போராடி, அமைப்பாளர்களிடம் திட்டு வாங்கியவரும் அவர்தான்.